செங்கல் வைத்த சோபா

என் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அதனால் கோடை விடுமுறை வந்தால் அவளுக்கு வேலை இருக்காது, எனக்கு நிம்மதி இருக்காது. பீரோவை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்வாள். நகர்த்திவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு நான் நிமிர்வதற்குள், முன்பிருந்த இடமே தேவலை என்பாள். இந்தக் கோடையில் குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் பயிற்சி எழுத்தராகச் சேரப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, மனித உரிமைக்கும் குடியேற்றக் கொள்கைக்கும் என்ன லாபமோ, என் முதுகுக்கு விடுதலை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அவள் சட்டம் படிக்கப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் வண்டியில் ஓர் அக்காவும் தம்பியும் ஏறுவார்கள். தம்பி தினமும் ஒரு கால் ஷூ லேஸைக் கட்டாமல் வருவான். இவள் கட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்துவாள். ஒரு நாள் நிறுத்தத்தில் இரண்டு பேரையும் காணோம். மறுநாளும் காணோம். விசாரித்தால், அவர்கள் அப்பாவுக்குக் குடியிருப்பு அனுமதி கிடைக்கவில்லை, குடும்பமே நாட்டை விட்டுப் போயாயிற்று என்றார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அவங்க பக்கம் நியாயம் இருந்துச்சாம். எடுத்துச் சொல்ல ஆள் இல்லையாம். ஆள் இல்லைன்னா என்னங்க அர்த்தம்? ஊர்ல இத்தனை பேர் இருக்கோமே!"

அந்த மாதமே மாலை நேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். இந்த வயசுலயா என்று கேட்டேன். "இந்த வயசுலதான் எனக்குக் கோவமே ஒழுங்கா வர ஆரம்பிச்சிருக்கு" என்றாள். கோபத்தைப் பற்றி அவள் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். பேச்சை நம்பாதவன், போல்ட்டை நம்புகிறவன். அவளுடைய அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. ஆகவே அந்தக் கட்டிடத்தின் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே மரியாதை இல்லை. உள்ளே இரண்டு அறை, கால் ஆடும் மேசைகள், ஒரு மூலையில் வழக்குக்கு வரும் கட்சிக்காரர்களின் குழந்தைகளுக்காக ஒரு கூடை உடைந்த பொம்மை. மின்விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கும், நிறுத்தினால் ஆள் வெந்துபோவார். அதனால் ஒவ்வொரு காகிதக் கட்டின் மேலும் ஏதாவது ஒரு கனம் உட்கார்ந்திருக்கும்: ஸ்டேப்ளர், தண்ணீர் பாட்டில், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு.

அவளோடு பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் எல்லாம் எங்கள் மகள் வயது. காலையில் 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் 'டிரைவரம்மா' ஆகிவிட்டாள். பெரிய வழக்கறிஞரை எல்லோரும் மேடம் என்பார்கள். பென்சிலைக் கடித்துக்கொண்டே பேசுவார். ஒரு வழக்கை அவர் விளக்கி முடிப்பதற்குள் பென்சில் பாதியாகிவிடும் என்று என் மனைவி அள்ளிவிடுவாள்.

மேடம் இவளுக்கு வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். காலையில் வழக்கு வேலை: வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுவது, அவர்களை விசாரணைக்குத் தயார் செய்வது. பிற்பகலில் கொள்கை வேலை: வெளிநாட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டவர்களை, இது உண்மையான கல்யாணம்தானா என்று குடியேற்றத் துறை எப்படிச் சோதிக்கிறது, அதில் என்ன கோளாறு என்று பழைய முடிவுகளையெல்லாம் படித்து, கோடை முடிவதற்குள் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அனுமதிக்காக மட்டும் பொய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்களும் உண்டல்லவா, அவர்களைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை.

இவளுக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள்.

"ஏங்க, குடும்பமாச் சேர்ந்து வாழறது மனுஷனோட உரிமை, தெரியுமா?"

"தெரியும். அனுபவிச்சுட்டுத்தானே இருக்கேன்."

"சலுகை இல்லைங்க, உரிமை. யாரும் பறிக்க முடியாது."

"அதான் பாத்தேன். இத்தனை வருஷமா யாரும் வந்து பறிக்கல."

மகள் வாயில் வைத்த தண்ணீரைத் துப்பிவிட்டாள். இவளும் சிரித்தாள். இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் இவ்வளவு சிரிப்புக் கேட்டதற்கு அந்த லிஃப்ட் இல்லாத அலுவலகம்தான் காரணம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அவளிடம் முழுதாக ஒப்படைக்கப்பட்ட வழக்கு ஒரு பேக்கரிக்காரருடையது. அவர் இந்த நாட்டுக்காரர். மனைவி வேறு நாட்டிலிருந்து வந்தவள், ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. அவருக்கு எப்போதும் இரவு ஷிப்ட். புருவத்தில் மாவோடு அவர் விடியற்காலையில் வீட்டுக்குள் நுழையும்போது அவள் வேலைக்குக் கிளம்புவாள். மாடிப்படியில்தான் இரண்டு பேரும் முக்கால்வாசி நாள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களை யாரும் சேர்ந்து பார்த்ததே இல்லை என்று பக்கத்து வீட்டார் சொல்ல, துறைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேரையும் தனித்தனியாக வைத்துக் கேள்வி கேட்பார்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அந்தப் பெண்ணின் அனுமதி நீட்டிக்கப்படாது. அவள் போக வேண்டியதுதான். போவதற்கு அங்கே அவளுக்கு ஒரு வீடும் இல்லை, ஆளும் இல்லை.

"அவங்க ரொம்ப பயந்துபோயிருக்காங்க. பயத்தை எடுத்துட்டாப் போதும், மத்ததெல்லாம் அவங்களே பாத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு மேடம் வேறோர் ஊர் நீதிமன்றத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பயத்தை எடுப்பது எப்படி என்று ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒவ்வொரு பள்ளி ஆண்டின் தொடக்கத்திலும் அவள் வண்டியில் ஒத்திகை நடக்கும். வண்டி நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும், புகை வந்தால் எந்தக் கதவு, யார் முதலில் இறங்க வேண்டும். அவள் கேள்வி கேட்பாள், பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். ஒருத்தன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். எல்லோருக்கும் ஒரே வார்த்தை வாயில் இருந்தால் அவசரத்தில் யாருக்கும் குழப்பம் வராது என்பது அவள் கட்சி. ஒரு தடவை நடுரோட்டில் இன்ஜின் புகைந்தபோது அத்தனை பிள்ளைகளும் ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வரிசையில் நின்றார்கள். அந்தப் பெருமை அவளுக்கு இன்னும் தீரவில்லை.

அதே வித்தையைப் பேக்கரிக்காரரிடமும் அவர் மனைவியிடமும் காட்டினாள். இரண்டு பேரையும் மடக்கு நாற்காலியில் அருகருகே உட்கார வைத்து, கேள்வியைப் போட்டு, பதிலைச் செப்பனிட்டு, ஒரே மாதிரி வரும்வரை விடவில்லை. வீட்டில் சோபா இருக்கிறதா, யார் வாங்கினது என்று கேட்டால், 'நாங்கள் இருவரும் கலந்து பேசி வாங்கினோம்.' வார விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்றால், 'பூங்காவுக்குச் சென்று மனம்விட்டுப் பேசுவோம்.' ஒரு வாரம் கழித்து அந்த ஜோடி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. அவர்கள் முகத்தில் பயம் போய்விட்டது என்று இவள் என்னிடம் பூரித்துப்போய்ச் சொன்னாள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. நானும் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

விசாரணை நடந்த அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்போடு அடுக்களைக்குள் போய், ஸ்டூலில் உட்கார்ந்தாள். கத்தினால் சமாளிப்பேன். அவள் சும்மா இருந்தால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. டீ போட்டு வைத்தேன். அது ஆறி ஆடை படிந்தது.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிட்டாங்க" என்றாள் கடைசியில்.

"அதுக்குத்தானே ஒத்திகை?"

"ஒரு எழுத்து மாறலைங்க. 'கலந்து பேசி வாங்கினோம்'னு அவர் சொன்னாரு. அடுத்து உள்ள வந்த அந்தப் பொண்ணும் 'கலந்து பேசி வாங்கினோம்'. அதிகாரி பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. 'எந்தப் புருஷன் பொண்டாட்டிம்மா இப்படிப் பேசுவாங்க? யாரோ எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கறீங்க'ன்னுட்டாரு. அந்தப் பொண்ணு முகத்துல ஈயாடல. என்னைத் திரும்பிப் பாத்துது. நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்கறது?"

"முடிஞ்சுபோச்சா?"

"மேடம் பேசி இன்னொரு விசாரணை வாங்கிட்டாங்க. அதான் கடைசி. உண்மையாக் கல்யாணம் பண்ணவங்களைப் பொய்யாக்கிட்டேன். ஒரு குடும்பத்தைப் பிரிச்சிருவேன் போலிருக்குங்க."

அழுதாள். அந்த அதிகாரி யார், எங்கே இருக்கிறான் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான் என்பது என் மரமண்டைக்கே எட்டியது. நாங்கள் இரண்டு பேரும் கல்யாணமான நாளிலிருந்து எதையும் 'கலந்து பேசி' வாங்கியதில்லை. ஒருவர் வாங்குவோம், மற்றவர் திட்டுவோம்.

எங்கள் மகள்தான் எங்கள் வீட்டின் உச்ச நீதிமன்றம். அதுவரை நிலைப்படியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள், "நீங்க ரெண்டு பேரும் அந்த விசாரணையில தேறுவீங்களா?" என்றாள்.

"ஏன் தேறமாட்டோம்?" என்றேன் நான், பெரிய தைரியசாலி மாதிரி.

உடனே என்னை அடுக்களையிலும் அவள் அம்மாவைப் படுக்கை அறையிலும் அடைத்தாள். துறை வழக்கமாகக் கேட்கும் கேள்விகளின் பட்டியல் என் மனைவியின் கைப்பையிலேயே இருந்தது. மகள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்து நடந்து கேட்டாள். முடிந்ததும் கூடத்தில் எங்களை நிறுத்தித் தீர்ப்பு வாசித்தாள்.

நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்றதற்கு நான் சோறு என்றிருந்தேன், அவள் ரொட்டி என்றிருந்தாள். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். கூடத்து ஜன்னல் திரை பச்சை என்று சொல்லியிருந்தேன். அதை மாற்றி நீலம் போட்டு ஒரு மழைக்காலமே போய்விட்டதாம். கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்பதில் இரண்டு பேரும் 'இடது' என்றே உரிமை கொண்டாடியிருந்தோம். வீட்டில் உடைந்த பொருள் ஏதாவது உண்டா என்றதற்கு, ஒன்றும் இல்லை என்று நான் மார்தட்டியிருந்தேன். என் மனைவியோ, அடுக்களையில் இருக்கும் இழுப்பறை, இடுப்பால் இடித்தால்தான் மூடும், அதுவும் இத்தனை வருஷமாக என்று விரிவாக வாக்குமூலம் கொடுத்திருந்தாள். ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் சரிசெய்கிறவர் வீடு என்று சேர்த்துச் சொன்னதாகவும் மகள் வாசித்தாள்.

"கல்யாணத்துக்கு யார் முதல்ல கேட்டது? அப்பா சொன்ன பதில், 'நான்தான்'. அம்மா சொன்ன பதில், 'நான்தான்'."

"நீங்களா கேட்டீங்க?" என்றாள் என் மனைவி.

"பின்ன? பஸ் டிப்போ வாசல்ல வெச்சு..."

"டிப்போ வாசல்ல நீங்க திருதிருன்னு முழிச்சீங்க. கேட்டது நான்."

"ரெண்டு பேரையும் நாடு கடத்தணும்" என்றாள் மகள். "நான் மட்டும் இங்க இருந்துக்கறேன்."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பேருந்தின் கண்ணாடியில் கடைசி இருக்கைச் சேட்டையைக் கண்டுபிடிக்கும்போது அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

"நான் படிச்ச பழைய முடிவுல பாதிக்கு மேல, பதில் ஒத்துப்போகலன்னு தள்ளியிருக்காங்க. திரை நிறத்துக்கு, சாப்பாட்டுக்கு, இதுக்கெல்லாம்தான். எனக்கு இப்ப ஒத்துப்போகுதுன்னு தள்றாங்க. ஒத்துப்போனா நடிப்பு, ஒத்துப்போகலன்னா பொய். அப்புறம் எப்படித்தாங்க புருஷன் பொண்டாட்டியா இருந்து காட்டறது?"

மறுநாளிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. உண்மையான ஜோடிகள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் எப்படி அறிக்கை எழுதுவது என்று கிளம்பிவிட்டாள். மேடத்துக்கும் இது பிடித்துப்போயிற்று. "தாராளமாப் பண்ணுங்க. என்கிட்ட மட்டும் கேக்காதீங்க, நான் ரெண்டு கல்யாணத்துல தோத்தவ" என்றாராம்.

எங்கள் கட்டிடத்தில் ஒரு கதவு பாக்கியில்லை. கீழ்த்தளத்து ஓய்வு பெற்ற தபால்காரரும் அவர் மனைவியும் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் சொல்லவும் இவள் திடுக்கிட்டுப்போனாள். பிறகு பார்த்தால், அந்த அம்மாள் அடுத்த அறையில் உரக்கச் சொன்னதை இவர் கேட்டுக் கேட்டு அப்படியே சொல்லியிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கமாம். என் அண்ணன் வீட்டுக்கும் போனோம். உங்கள் கணவர் டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அண்ணியிடம் கேட்டாள்.

"சர்க்கரையா? டாக்டர் வேணாம்னதுமே அடியோட நிறுத்திட்டேன்" என்றார் அண்ணி.

மொட்டைமாடியில் என்னிடம் மாட்டியிருந்த அண்ணன், "ரெண்டு ஸ்பூன். ஆபீஸ்ல மூணு" என்றார், உலகம் தெரியாத மனிதர். குட்டு வெளிப்பட்டது. அந்த வீட்டில் எங்களுக்கு இன்றுவரை ஒழுங்கான டீ கிடைக்கவில்லை.

இரண்டாம் விசாரணைக்கு முன்பு, பேக்கரிக்காரர் வீட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றாள். என் வேனில் போனோம். நாலாம் மாடி. ஒற்றை அறை, கொடியில் இரண்டு வேலைச் சீருடைகள், ஜன்னலோரம் ஒரு தக்காளிச் செடி. நடுவில் அந்தப் புகழ்பெற்ற சோபா. மூன்று கால்தான் இருந்தது. நாலாவது காலுக்குப் பதிலாக ஒரு செங்கல். எனக்குக் கை பரபரத்தது. ஒரு கட்டை, நாலு திருகாணி, கால் மணி நேர வேலை. உளியை எடுத்து வருகிறேன் என்று எழுந்தவனை என் மனைவி காலில் மிதித்து உட்கார வைத்தாள். விசாரணைக்கு முன்னால் அந்த வீட்டில் எதையும் அழகுபடுத்தக் கூடாது என்பது இப்போது அவள் சட்டம்.

"நான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்துடுங்க" என்றாள் அந்த ஜோடியிடம். "தப்பு என் மேலதான். கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அவர் என்ன சொல்லியிருப்பாரோன்னு யோசிக்கவே யோசிக்காதீங்க."

"மாறிப்போச்சுன்னா?" என்றாள் அந்தப் பெண். ஒல்லியான உருவம், வேகமான பேச்சு. பேசும்போது கை தக்காளி இலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தது.

"மாறட்டும். அதுக்கு நான் இருக்கேன்" என்றாள் என் மனைவி. தைரியமாகத்தான் சொன்னாள். திரும்பி வரும்போது வேனில் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் விசாரணை அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர்களைக் கூட்டிப் போனேன். துறை அலுவலகத்தின் தாழ்வாரத்தில் இரும்பு பெஞ்சு. எதிரே லிஃப்ட். அது மூன்றாம் மாடிக்கு வரும்போதெல்லாம் ஒரு முனகல் முனகியது. கேபிளுக்கு எண்ணெய் காட்டி எத்தனை காலமோ. வேறு யாரோ பராமரிக்கிறார்கள், நமக்கென்ன என்று வாயை மூடிக்கொண்டேன். உள்ளே முதலில் பேக்கரிக்காரர் போனார். பிறகு அவர் வெளியே வந்து அந்தப் பெண் போனாள். மேடமும் என் மனைவியும் உள்ளேயே இருந்தார்கள். குறிப்பெடுக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது என்பது என் மனைவிக்கு நிபந்தனை. அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்திலும் இல்லை.

பேக்கரிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். "வீட்டுல உடைஞ்சது ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்" என்றார்.

அந்தச் செங்கல் என் கண் முன்னால் வந்து நின்றது. ஆனாலும் நானும் அதே பதிலைச் சொன்னவன், அவரை என்னவென்று குறை சொல்வது?

கொஞ்ச நேரத்தில் அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு முழுக்கச் சாத்தவில்லை. அதிகாரியின் குரல் கேட்டது. தட்டையான, அவசரமில்லாத குரல்.

"வீட்டில் உடைந்த பொருள் எதுவும் இல்லை என்கிறார் உங்கள் கணவர். சோபாவுக்குக் கால் இல்லை என்கிறீர்கள் நீங்கள். எது உண்மை?"

"உடையலைங்க, அதைச் சரி பண்ணிட்டேன்" என்றார் பேக்கரிக்காரர்.

"எப்ப சரி பண்ணினீங்க?" அந்தப் பெண்ணின் குரல் திடீரென்று ஏறியது. "செங்கலை வெச்சா சரி பண்ணினதா?"

"ஆடுதா? இப்ப ஆடுதா அது?"

"ஆடலை. என் கால் விரல் தினம் அதுல இடிக்குது. கல்யாணமான புதுசுல சொன்னேன். பண்ணிடறேன் பண்ணிடறேன்னு மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னீங்களே!"

"நான் வர்றப்ப நீ கிளம்பிடற. தூங்கறதா, சுத்தியல் அடிக்கறதா? கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரு."

"அந்த சோபாவை யாரு தூக்கிட்டு வரச் சொன்னது? ரோட்டுல போட்டிருந்ததை!"

"தரையில உக்காந்தா கால் வலிக்குதுன்னு நீ சொன்னியேன்னுதானே நாலு மாடி தூக்கிட்டு வந்தேன்! தனியா!"

நான் எழுந்து கதவருகே போய்விட்டேன். இடைவெளி வழியாகப் பார்த்தால், அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் நினைவு வந்தவளாக. பேக்கரிக்காரர் தரையைப் பார்க்கிறார். மேடம் பென்சிலைக் கடிக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். பின் வரிசையில் என் மனைவி, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

அதிகாரி எழுதினார். நெடுநேரம் எழுதினார் என்றுதான் எனக்குப் பட்டது. பிறகு நிமிர்ந்து பேக்கரிக்காரரைப் பார்த்தார்.

"செங்கலை எப்போது எடுப்பதாக உத்தேசம்?"

"இந்த... இந்த ஞாயித்துக்கிழமைங்க."

"நம்பாதீங்க சார்" என்றாள் அந்தப் பெண், பொத்திய கைக்குள்ளிருந்து.

அந்தத் தட்டையான குரல்காரர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க. சிரித்து முடித்து, மேடத்தின் பக்கம் திரும்பி, அனுமதி நீட்டிக்கப்படுகிறது, கடிதம் தபாலில் வரும் என்றார். அவ்வளவுதான். நான் கதவை முழுக்கத் திறந்துகொண்டு உள்ளே நின்றேன். நீங்கள் யார் என்று அவர் கேட்க, டிரைவர் என்று சொல்லிவிட்டேன், என் வீட்டு டிரைவரை வைத்துக்கொண்டே.

வேனில் அந்த ஜோடி பாதி வழி வரை செங்கல் சண்டையைத் தொடர்ந்தது. பிறகு அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவள் அழவில்லை. என் மனைவியின் தோளைத் தொட்டுச் சொன்னாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. போன தடவை நீங்க சொல்லிக்கொடுத்ததைச் சொன்னப்ப, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான் இவர் பொண்டாட்டிதானான்னு. இன்னிக்குத்தான் நம்பிக்கை வந்துச்சு."

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் தேவையில்லாமல் ஹாரன் அடித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதை வேறு எப்படி வெளியே விடுவது என்று தெரியவில்லை.

கோடை முடிவதற்குள் அறிக்கையும் முடிந்தது. உண்மையான தம்பதிகள் ஒத்துப்போக மாட்டார்கள், ஆனால் ஒத்துப்போகாத விஷயத்தை இரண்டு பேரும் நன்றாக அறிந்திருப்பார்கள், ஆகவே பதில்களை ஒப்பிட்டு நிறுத்தாமல் இருவரையும் சேர்த்து வைத்துப் பேசவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். மேடம் அதை இரண்டு முறை உரக்கப் படித்துவிட்டுத் துறைக்கு அனுப்பினார். அவர்கள் ஏற்பார்களா என்று யாருக்கும் தெரியாது. ஏற்காவிட்டால் அடுத்த கோடையில் இன்னும் பெரிதாக எழுதுவாளாம். அவள் கேள்வி கேட்ட தம்பதிகளின் பதில்களைத் தொகுத்த இணைப்பில் யார் பேரும் இல்லை. 'தம்பதி அ: கணவர் லிஃப்ட் மெக்கானிக், மனைவி பேருந்து ஓட்டுநர். திருமணத்துக்கு யார் முதலில் கேட்டது என்பதில் இருவருக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை' என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. என்னைப் பற்றி அச்சில் வந்தது அது ஒன்றுதான். இரண்டு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

பள்ளி திறந்துவிட்டது. காலையில் அவள் அவசரமாகக் கிளம்பும்போது அடுக்களை இழுப்பறையை இடுப்பால் ஒரு இடி இடித்தாள். அது மூடி, மறுபடி திறந்துகொண்டது. எனக்கு ரோஷம் வந்து, கருவிப் பெட்டியை எடுத்துவந்து திருகாணியைக் கழற்றப் போனேன்.

"கையை எடுங்க" என்றாள்.

"சரி பண்ணித் தர்றேன்னு சொன்னாலும் குத்தமா?"

"அறிக்கை மேலிடத்துல இருக்கு. முடிவு வர்ற வரைக்கும் ஆதாரத்துல யாரும் கை வைக்கக் கூடாது." சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "அது இல்லாட்டி, நாம புருஷன் பொண்டாட்டின்னு யாரு நம்புவா?"

நான் திருப்புளியைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். டிப்போ வாசலில் முதலில் கேட்டது நான்தான். அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.